முதல் தட்டு காலி

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்தே தூறல். ஜெனியின் யூனிஃபார்ம் காயவில்லை. ஈரத்தோடே இஸ்திரி போட்டு அனுப்பினேன், மீதி ஸ்கூலில் காயட்டும்.

ஏ ஷிப்ட், பகல் வேலை. கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட். அதற்கு அடியில் வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி, டிரைவர் நாராயணப்பா தன் ஆசைக்கு மாட்டியது. குடல் குலுங்குகிறது என்று யாரும் அங்கே உட்காருவதில்லை. எனக்குப் பிடிக்கும். வாயைப் பிளந்து தூங்கினாலும் பார்க்க ஆள் இல்லை.

சூளகிரி தாண்டும்போது அவர் போனில் தெலுங்குப் பாட்டு முடிந்து தானாகவே வேறொன்று வந்தது. இங்கிலீஷ் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அவசரமே இல்லாத பாட்டு. ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் அப்படி ஒன்றைப் போடவே கூடாது. முன்னாலிருந்து ஒரே கூச்சல்.

"அண்ணா, மாத்துங்கண்ணா, தூக்கம் வருது!"

அவர் லாரியை ஓவர்டேக் பண்ணிக்கொண்டிருந்தார், மாற்றவில்லை. பாட்டு சீட்டு வழியாக இடுப்பில் ஏறி, முதுகில் ஏறி, தோளில் வந்து உட்கார்ந்தது. காதுக்குக் கடைசியாகத்தான் வந்தது. கண்ணாடிக்கு வெளியே பாதி மலை, பாதி மேகம். நான் எங்கேயோ போய்விட்டேன். குருபரப்பள்ளி வந்தும் இறங்காமல் இருந்தவளை சுமதிதான் உலுக்கினாள்.

இறங்கும்போது நாராயணப்பாவிடம் என்ன பாட்டு என்று கேட்டேன்.

"பாகுந்தாம்மா?" என்றார். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் அவர் வாயில் ஒரே பாஷை.

"நல்லா இருக்குதுண்ணா."

"நான் எங்கம்மா போட்டேன், அதுவா வந்துச்சு. ஜமைக்கான்னு போட்டிருக்குது பாரு."

வாங்க வேண்டியது: கோதுமை மாவு, ஜெனிக்கு ரிப்பன், குக்கருக்குப் புது வெயிட் (விசில் சரியாக வருவதில்லை).

ஜூன் 11, புதன்

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஓசூர் வானம்.

ரெக்கே. அதுதான் பெயராம். தேடிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது, மத்தியானம் வரை அதையே மென்றுகொண்டிருந்தேன். நாலு நாலாகத் தட்டு எண்ணினால், முதல் தட்டில் டிரம் விழாது. எல்லாப் பாட்டிலும் முதலில் விழுகிற அடி, இதில் இல்லை. மூன்றாவதில்தான் தொப்பென்று விழும். முதல் தட்டு காலி. அதை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். கையை ஓங்கிவிட்டு அடிக்காமல் விட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நிம்மதி.

என் பிரஸ் மெஷினும் ஒரே தாளம்தான். தகடு உள்ளே போகும், அடி விழும், பிராக்கெட் வெளியே வரும். காதுக்குப் பிளக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் லைனில் எல்லோரும் ஒரு காதில்தான் போடுவோம். இன்னொரு காது மெஷினுக்கு. டை அச்சில் ஏதாவது சிக்கினால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் சத்தம் மாறும். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் இரண்டையும் மாட்டிக்கொள்வோம். நான் சேர்ந்த அன்றே சுமதி சொன்னது: "மெஷினும் என் மாமியாரும் ஒண்ணு. கொரல் மாறுனா ஒதுங்கிக்கணும்."

இன்றைக்கு இரண்டையும் கழற்றிவிட்டேன். மெஷின் அடிப்பதை மூன்றாம் தட்டாக வைத்துக்கொண்டு, முதல் தட்டை மனதுக்குள் காலியாக விட்டேன். அவ்வளவுதான். லைன் முழுக்க ரெக்கே. கன்வேயர், ஃபோர்க்லிஃப்ட், பக்கத்து பிரஸ், எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. சாப்பாட்டு பெல் அடித்தது கூடத் தெரியவில்லை.

"என்னாடி சிரிக்கிற?" சுமதி.

சொன்னால் புரியாது என்று சொல்லவில்லை. அதுவும் திமிர்தான்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை. சாமியார் பிரசங்கத்தை நீட்டினார். கூரைமேல் மழை.

நல்ல செய்தி: ஜூலை முதல் ஞாயிறு சிறுவர் பூசையில் மன்றாட்டு வாசிக்க ஜெனியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு, மைக் முன்னால் முதல் தடவை.

கெட்ட செய்தி: பிள்ளை வாய்க்குள்ளேயே பேசுகிறது. கொஞ்ச நாளாகவே. சாயங்காலம் வாசிக்க வைத்துப் பார்த்தேன். சொல்லின் நுனியெல்லாம் தின்றுவிடுகிறாள். நான் சமையல்கட்டில், அவள் ஹாலில், ஒன்றும் விளங்கவில்லை. "வாயத் தெறந்து படி" என்று மூன்று தடவை கத்தினேன். மூன்றாவதற்கு அழுதுவிட்டாள்.

லூர்து ஷெட்டிலிருந்து கிரீஸ் கையோடு வந்தார். பாகலூர் ரோட்டில் டூ வீலர் மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமையும் யாருக்காவது செயின் மாட்டுவார்.

"நல்லாத்தானே படிக்கிறா."

"உங்களுக்கு எல்லாமே நல்லாத்தான்."

"ஏன், உன்னையும் நல்லாருக்குன்னுதான கட்டிக்கிட்டேன்."

கோபத்தில் சிரிப்பு வந்தால் அதைவிடக் கோபம். மைக் முன்னால் இவள் இப்படி முணுமுணுத்தால் கோயிலே சிரிக்குமே என்று கவலை. டாக்டரிடம் காட்டணுமோ? நாக்கு ஒட்டியிருக்குமோ? டீச்சரைக் கேட்கணும்.

குக்கருக்குப் புது வெயிட் மாட்டியாயிற்று. அப்பவும் அதே கதை. பருப்பு குழைந்து கூழ்.

ஜூன் 18, புதன்

குளிர். டீ இரண்டு தடவை.

ரெக்கே என்பது ஒரே வீடு இல்லை, ஒரு தெரு. இதுவரை எட்டிப் பார்த்தவை:

ஸ்கா – எல்லாவற்றுக்கும் மூத்தது. ஓட்டம். பஸ்ஸைப் பிடிக்க செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற பாட்டு. டிரம்பெட்.

ராக்ஸ்டெடி – ஓடிக் களைத்து நடக்கிறது. அந்த வருஷம் ஊரில் வெயில் அதிகம், ஆட முடியாமல்தான் வேகத்தைக் குறைத்தார்கள் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையோ என்னவோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

ரூட்ஸ் – சாமி, பசி, அடிமைப்பட்ட கதை. பைபிள் சங்கீதப் புத்தகத்து வரிகள் நடுவில் வருகின்றன. பாபிலோன், சீயோன். முதலில் கேட்டபோது திடுக்கிட்டேன், இது நம் கோயில் வார்த்தையாயிற்றே என்று.

லவ்வர்ஸ் ராக் – லண்டனில் பிறந்தது. முழுக்கக் காதல். லூர்து இதைக் கேட்டுவிட்டு அசட்டுச் சிரிப்பு.

டான்ஸ்ஹால் – எனக்கு வயதாகிவிட்டது.

ஒரே இசையை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பாட்டு எழுதிக்கொள்கிறார்கள், அதற்கு ரிதிம் என்று பெயர். இதைப் பெரிய அதிசயம் போல லூர்துவிடம் சொன்னேன். "இதுல என்னா இருக்குது? நம்ம மாதா பாட்டுல பாதி எந்த சினிமா மெட்டுன்னு கோயில்ல எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

கடைசியில் டப். அதைப் பற்றி இன்று எழுத முடியாது. ஒன்றுதான் கேட்டிருக்கிறேன். கண்ணை மூடினால் அதுவே வருகிறது.

ஜூன் 21, சனி

பள்ளியில் பெற்றோர் கூட்டம். பர்மிஷன் போட்டுப் போனேன்.

டீச்சரிடம் ஜெனி முணுமுணுப்பதைச் சொன்னேன். டீச்சர் நம்மூர் இல்லை, தூத்துக்குடிப் பக்கம், பேச்சே பாட்டு மாதிரி. என்னையே பார்த்தார்.

"ஜெனியா? ப்ரேயர்ல அவ சத்தம்தானே ஸ்கூல் கேட்டு வரைக்கும் கேக்கு. நீங்க வேற பிள்ளைய சொல்லுதீங்களோ?"

அப்போ வீட்டில் மட்டும் முணுமுணுக்கிறாளா? என்னிடம் பயமா? வழியெல்லாம் மனது சரியில்லை. கத்திக் கத்தி பிள்ளையைக் கெடுத்துவிட்டேனோ. ஒரு ரோஜாப்பூ லாரி எதிரே போயிற்று, மணமே இல்லை. ஏற்றுமதி ரோஜாவுக்கு மணம் கிடையாது என்று பேரிகைப் பூத்தோட்டக்காரர்கள் சொல்வார்கள்.

டப். சரி, எழுதுகிறேன். பாடி முடித்த பாட்டை எடுத்து, மிக்ஸிங் மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். குரலைக் கழற்றுகிறார். கிடாரைக் கழற்றுகிறார். லூர்து வண்டியைப் பிரித்துத் தரையில் பரப்புவது போல. ஒரு சொல் மட்டும் வந்து, எதிரொலியாகிப் போய்க்கொண்டே இருக்கும். திரும்பி வராது.

என் பாட்டின் பெயர் எழுதப் போவதில்லை, எனக்குத் தெரிந்தால் போதும். அதன் நடுவில் ஒரு இடம். டிரம் நின்றுவிடுகிறது. எல்லாம் நின்றுவிடுகிறது. பேஸ் கிடார் மட்டும், அதுவும் முதல் தட்டை விட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து நடக்கிறது. முதல் தட்டில் ஒன்றுமே இல்லை. சுத்தமான காலி. ஒவ்வொரு தடவையும் அந்தக் காலி வரும், நான் உள்ளே போவேன், அது மூடிக்கொள்ளும். ஷிப்ட், சமையல், மாமியார் வீட்டு விசேஷம், ஒன்றும் அங்கே வராது. உலகத்திலேயே எனக்கென்று உள்ள இடம் அதுதான்.

நாள் முழுக்கச் சத்தத்தில் நிற்கிறவளுக்கு இப்படி ஒரு இடத்தை யாரோ ஜமைக்காவில் உட்கார்ந்து செய்து வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

நோட்டீஸ் போர்டில்: ஜூலை 3, பிரஸ் ஷாப் ஊழியர்களுக்குக் காது பரிசோதனை. குறை தெரிந்தால் பேக்கிங்குக்கு மாற்றம்.

பேக்கிங் ஹால் ரோட்டோரம். ஃபேன் சத்தம் மட்டும். பெட்டியில் அடுக்கி, ஸ்டிக்கர் ஒட்டி, டேப் போட வேண்டும். தாளமே இல்லாத இடம். நான் செத்துப்போவேன்.

சுமதி கேன்டீனில் எல்லோருக்கும் பாடம் நடத்தினாள். புதிதாக வந்த இரண்டு பெண்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"பொட்டி மாதிரி ரூமுக்குள்ள உக்கார வச்சு ஹெட்போன் மாட்டுவாங்க. கையில ஒரு பட்டன். பீப் கேட்டா அமுக்கணும். கேக்கலன்னாலும் அமுக்கணும். கண்ணாடி வழியா, பீப் வுடறவரு முழங்கைய பாரு. முழங்கை அசைஞ்சா ஒரு மூச்சு வுட்டுட்டு அமுக்கு. இத்தன வருசமா எல்லாரும் பாஸு."

"கேக்காதவங்களும் இருக்காங்களாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கேக்காதவங்க யாருன்னு எப்படிடி தெரியும், எல்லாருந்தான் பாஸாச்சே."

சிரித்தோம். நானும் போன தடவை முழங்கையைத்தான் பார்த்தேன். பரீட்சையில் பார்த்து எழுதுவது போல, யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

வெயில் வந்தது, அதிசயமாக. மத்தியானம் மூன்று பேரும் வண்டியில் கெலவரப்பள்ளி அணை. வறுத்த கடலை. ஷட்டர் வழியாக வந்த தண்ணீரில் கழிவு நுரை, வெள்ளையாக, மெத்தை மெத்தையாக. காற்றடித்தால் பிய்ந்து வயல் மேல் பறந்தது. ஜெனி அதைப் பிடிக்க ஓடினாள். "தொடாதடி" என்று நான் ஓடினேன்.

கரையில் உட்கார்ந்து என் பாட்டைப் போட்டேன். ஒரு இயர்போன் எனக்கு, ஒன்று ஜெனிக்கு. நுரை மெதுவாக நகர்ந்தது. பேஸ் நடந்தது. அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. நான் உள்ளே போனேன்.

ஜெனி என் முழங்கையை இழுத்தாள்.

"அம்மா, யாரோ கொலுசு போட்டுக்கிட்டு நடக்கறாங்க."

"எங்க?"

"பாட்டுலம்மா. இப்ப. இதோ."

ஒன்றும் இல்லை. பேஸ் மட்டும். குழந்தை கதை கட்டுகிறது என்று நினைத்தேன். திரும்பப் போட்டேன். இல்லை. இயர்போனைப் புடவையில் துடைத்தேன். அவளுடையதை நான் வாங்கி, என்னுடையதை அவளிடம் கொடுத்தேன். இல்லை. லூர்துவிடம் இரண்டையும் கொடுத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஆமா. சின்னதா ஒரு மணி. ஜல்லு ஜல்லுன்னு. நல்லாக் கேக்குதே, ஏன்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. ஜெனியைப் பார்த்தேன். அவள் ஏதோ சொன்னாள், காற்று வேறு, நுனியெல்லாம் தின்றுவிட்டுச் சொன்னாள்.

அப்போதுதான் புரிந்தது. அவள் தின்னவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் ஜெனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். லூர்து இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்தார்.

ஜூன் 30, திங்கள்

லீவு போட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு குக்கரில் வெறும் தண்ணீர் வைத்து ஹாலுக்கு வந்து உட்கார்ந்தேன். எதுவும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் வெயிட் ஆடுகிறது, ஆவி பீறிடுகிறது. பக்கத்தில் போனால் ஏதோ காற்றுச் சத்தம். பழைய வெயிட்டைப் போட்டேன், அதுவும் அப்படியே. பாவம், நன்றாக இருந்ததைத் தூக்கிப் போட இருந்தேன்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன், குறையவில்லை.

பேஸ் கேட்கிறது. டிரம் கேட்கிறது. அதனால்தான் அந்தப் பஸ் பாட்டு என்னை அப்படித் தூக்கிக்கொண்டு போயிற்றா? எனக்கு மிச்சமிருப்பதை வைத்தே செய்த பாட்டு என்பதாலா? மணிகளும் கொலுசும் என் மகளின் சொல் நுனிகளும் எப்போது போயின? ஒருநாளில் போயிருக்காது. எல்லாம் மெல்ல மங்கியிருக்கிறது, நான் அதை டப் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். காலி என்று நான் குடியிருந்த இடம் காலியே இல்லை. யாரோ அங்கே கொலுசு போட்டு நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

பிளக்கைக் கழற்றினேனே. இரண்டையும். தாளத்துக்காக. முட்டாள்.

ஜெனி ஸ்கூலிலிருந்து வந்ததும் மடியில் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே மன்றாட்டை வாசிக்கச் சொன்னேன். அழகாக வாசிக்கிறாள். ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. உதட்டில் எல்லாமே இருக்கிறது.

"ஏம்மா அழுவுற?"

"வெங்காயம்டி."

"வெங்காயமே இல்லையே."

ஜூலை 2, புதன்

மழை. இரண்டு காதிலும் பிளக். மெஷின் தூரத்தில் யாரோ துணி துவைப்பது போல. பாட்டு வரவில்லை. பரவாயில்லை.

லூர்துவிடம் சொல்லிவிட்டேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் பின்னாடியிருந்து கூப்புட்டா நீ திரும்பாத. கோவம்னு நெனச்சேன்" என்றார். எத்தனை நாள் அப்படி நினைத்தார் என்று கேட்கவில்லை.

நாளைக்கு டெஸ்ட். முழங்கையைப் பார்த்தால் பிரஸ் லைனிலேயே இருக்கலாம். அதுவும் நான் நன்றாகவே செய்வேன், தாளம் பிடிப்பதில் என்னை மிஞ்ச லைனில் ஆள் இல்லை. அங்கேயே இருந்தால் மிச்சமும் போகும். பேக்கிங்குக்குப் போனால் இருப்பது இருக்கும், என் மெஷின் போகும். கூட்டிக் கழித்துப் பார்க்க இதில் ஒன்றுமில்லை, ஆனாலும் மனது கேட்கவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, பாட்டு போடச் சொல்லாமல் வந்தேன். நாராயணப்பா அவராகவே போட்டார்.

"நிம்தே பாட்டும்மா," என்றார், கன்னடத்தில், என்னுடைய பாட்டு என்று.

ஜூலை 3, வியாழன்

காது டெஸ்ட் வேன் ஒன்பதரைக்கு வந்தது. உள்ளே ஒரு சின்ன அறை, கனமான கதவு, கண்ணாடி. கதவைச் சாத்தியதும் உலகம் போயிற்று. ஹெட்போன். கையில் பட்டன்.

முதலில் தடித்த சத்தங்கள். பூம், பூம். எல்லாம் கேட்டது, எல்லாவற்றுக்கும் அமுக்கினேன். பிறகு மெலிந்துகொண்டே போயிற்று. பிறகு இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழங்கை அசைந்தது. என் விரல் தானாகவே பாதி அமுங்கிவிட்டது. அத்தனை பழக்கம்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

காலி. அடுத்ததும் காலி. இந்த மூன்று வாரமாக நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான், தட்டு வராத இடத்தில் கையை வைக்காமல் இருப்பது. விட்டேன். ஒவ்வொன்றாக விட்டேன். உள்ளே அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதற்கும் அமுக்கவில்லை.

கதவு திறந்தது. "மேடம், தூங்கிட்டீங்களா?"

"இல்ல சார். கேட்டா அமுக்குறேன்."

அவர் திரும்பவும் முதலிலிருந்து வைத்தார். அதே இடத்தில் அதே காலி.

கம்பெனி டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "போனது வராதும்மா. இருக்கறத காப்பாத்திக்கலாம். மெஷின் பக்கம் போகாதீங்க. வெளிய பெரிய டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டுங்க" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங்.

சுமதிக்கு ஆத்திரம். "பைத்தியமாடி உனக்கு? சொல்லிக் குடுத்தனே!"

பஸ் ஏறும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "டிவி சத்தம் ஏன் இவ்ளோ வைக்கறன்னு எங்கூட்ல எல்லாம் திட்றாங்க. அதுவும் இதுதானா?"

கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

வானம் வெளுத்திருந்தது. சிறுவர் பூசை. முதல் வரிசையில் உட்கார்ந்தேன், ஜெனியின் உதடு தெரிகிற மாதிரி. ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. மைக்கை ஒரு தட்டு தட்டினாள், பெரிய ஆள் மாதிரி. வாசித்தாள். கோயில் மொத்தமும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அது எனக்கு நன்றாகவே கேட்டது, அத்தனை பேர் குரலும் சேர்ந்தால் பேஸ் மாதிரி.

பெரிய டாக்டரிடம் செவ்வாய்க்கிழமை. லூர்து ஷெட்டை மூடிவிட்டு வருகிறாராம்.

சாயங்காலம். ஜன்னலில் தூறல். குக்கர் அடுப்பில், விசில் எண்ணுவது இனி லூர்துவின் வேலை. ஜெனி இயர்போனோடு வந்தாள். "கொலுசுப் பாட்டு போடும்மா." எனக்கு விருப்பமில்லை. அந்த இடத்துக்கு இனி போகவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள் விடவில்லை.

போட்டேன். பேஸ் நடந்தது. டிரம் நின்றது. எல்லாம் நின்றது.

ஜெனி என் கையை இழுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் ஒரு விரலால் தொட்டாள்.

"கொலுசு இங்கம்மா."

பேஸ் இரண்டு, மூன்று, நாலு என்று நடந்தது.

"இங்க."

மறுபடி நடந்தது. அடுத்தது எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் விரல் வருவதற்கு முன்பே உள்ளங்கை காத்திருந்தது.

"இங்க."

முதல் தட்டில்.